குட்டி மரத்தில் பூச்சியா? பாட்டிலைத் தொடுமுன் இலையைத் திருப்புங்கள்!

மொட்டை மாடி என்றால் ஒரு துளசி மாடம், ஒரு கறிவேப்பிலை, இரண்டு ரோஜாத் தொட்டி என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது பல வீடுகளில் 'போன்சாய்' என்னும் குட்டி மரங்களும் குடியேறிவிட்டன. ஓர் அடி உயரத்தில் ஆலமரம், கைக்கு அடக்கமாய் ஓர் அரசு, பொம்மை வீட்டுக்கு வைத்தாற்போல ஓர் எலுமிச்சை! வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்து, "அட, நிஜ மரமா?" என்று தொட்டுப் பார்க்காமல் போவதில்லை.

நிஜ மரம்தான். அதனால்தான் நிஜ மரத்துக்கு வரும் பூச்சிகளும் அதற்கு வருகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். தெருவோர ஆலமரத்தில் ஆயிரம் இலையைப் பூச்சி தின்றாலும் மரம் அசையாது. நம் தொட்டி ஆலமரத்தில் மொத்தமே நூறு, நூற்றைம்பது இலைதான். அதில் ஐம்பது போனால் பாதி மரம் போனது போலத்தான். போதாததற்கு, வேர் ஓட இடமில்லாத ஆழமற்ற தட்டு; பொந்து பொந்தாகப் பட்டை; வளைத்துக் கட்டிய கம்பி. பூச்சி ஒளிய எத்தனை வசதி பாருங்கள்!

இலை வாடியதும் பதறிப் போய், "ஏதாவது மருந்து கொடுங்க" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம். குழந்தைக்கு உடம்பு சுட்டால் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஏதோ ஒரு மாத்திரையை வாயில் போடுவோமா? மரத்துக்கும் அப்படித்தான். எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் தண்ணீர், பஞ்சு, சோப்பு, வேப்பெண்ணெய் இவற்றோடு வேலை முடிந்துவிடும். குழந்தைகள் தவழ்கிற வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவர வேண்டிய அவசியமே வராது.

வாரம் ஒரு பரிசோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். மரத்தை மேஜை மேல் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து: இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கு, இளந்தளிர், கம்பி சுற்றிய இடம், மண்ணின் மேல்பரப்பு. கண் சரியாகத் தெரியாதவர்கள் பூதக்கண்ணாடி தேட வேண்டாம். கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பூச்சியின் கால் கூடத் தெரியும்!

இன்னொரு விஷயம். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள். ஆல், அத்தி இனத்து மரங்களை இடம் மாற்றி வைத்தாலே கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். அரசு வறண்ட பருவத்தில் தானாகவே இலை உதிர்க்கும். தண்ணீர் அதிகமானாலும் மஞ்சள்தான், குறைந்தாலும் மஞ்சள்தான். கண்ணால் பூச்சியையோ அதன் அடையாளத்தையோ பார்த்த பிறகே சிகிச்சை.

யார் அந்த அழையாத விருந்தாளி?

*மாவுப்பூச்சி:* காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கும். குச்சியால் தொட்டால் மாவு மாதிரி உதிரும். உள்ளே மெத்தென்று ஒரு பூச்சி. மெழுகுப் போர்வை போர்த்திக்கொண்டு சாற்றை உறிஞ்சும். முட்டைகளையும் பஞ்சுப் பைக்குள்தான் வைக்கும். வீட்டுப் போன்சாய்க்கு முதல் எதிரி இதுதான் என்பேன்.

இந்த இனத்தை லேசாக நினைக்காதீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று. மெக்ஸிகோ நாட்டுப் பக்கத்தது. 2008இல் நம் கோயம்புத்தூரில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக அதைக் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். கடைசியில் அதை அடக்கியது எது தெரியுமா? 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட, கடுகை விடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி! பூச்சிக்குப் பூச்சியே பகை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

*செதில் பூச்சி:* கிளையிலோ இலை நரம்பின் மேலோ பழுப்பாக, சின்னச் சின்ன ஆமை ஓடு ஒட்டிவைத்தது போல இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஊர்ந்து போய், பிடித்த இடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும். அப்புறம் அசையாது. ஆல், அத்தி மரப் பட்டையிலேயே இயற்கையாகச் சிறு புள்ளிகள் உண்டு. அதைப் பூச்சி என்று சுரண்டிவிடாதீர்கள். நகத்தால் லேசாக நெம்பினால் செதில் பூச்சி கழன்று வரும். பட்டைப் புள்ளி வராது.

*அசுவினி:* செடிப்பேன் என்றும் சொல்வார்கள். பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று பல நிறம். இளந்தளிரில் கும்பலாக மொய்க்கும். தளிர் சுருண்டு போகும். இவை ஆண் துணை இல்லாமலேயே குட்டி போட்டுப் பெருகும். இன்று பத்து, அடுத்த வாரம் தளிர் முழுக்க!

*சிவப்புச் சிலந்திப்பேன்:* இது பூச்சியே அல்ல. எட்டுக்கால், சிலந்தி உறவு. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியது போலப் பொடிப் பொடி வெளுப்புப் புள்ளிகள். முற்றினால் காம்புகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி விழுந்தது நகர ஆரம்பித்தால் சந்தேகமே இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில், வறண்ட காற்றில் இதற்குக் கொண்டாட்டம். சாதாரணப் பூச்சிமருந்துகளில் பல இதைக் கொல்வதே இல்லை. மாறாக இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று இதற்கே வசதி செய்து கொடுக்கும்!

*இலைப்பேன்:* அத்தி இனத்துக் குட்டி மரங்களில் இலை நடு நரம்போடு, வெற்றிலையை மடித்தாற்போல மடங்கி, மேலே செந்நிறப் புள்ளிகளோடு தெரிந்தால் இதுதான். மடிப்பைப் பிரித்தால் உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகளும் வெளிர் மஞ்சள் குஞ்சுகளும் ஓடும். வீட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டு இருப்பதால் மேலே என்ன தெளித்தாலும் உள்ளே போகாது.

*வெள்ளை ஈ:* கிளையை அசைத்தால் சாம்பல் பறப்பது போல வெள்ளையாகப் பறந்து மறுபடி இலைக்கு அடியிலேயே உட்காரும். தென்னையைப் பாடாய்ப் படுத்தும் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டது. இலைக்கு அடியில் கோலம் போட்டது போல வட்ட வட்டமாக வெள்ளை வளையம் தெரிந்தால் அது முட்டையிட்ட தடம். பக்கத்தில் தென்னையோ கொய்யாவோ இருந்தால் நம் மாடிக்கும் வரலாம்.

*புழுக்கள்:* எலுமிச்சைக் குட்டி மரத்தில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள். நகரும்! வண்ணத்துப்பூச்சியின் புழு அது, வளர்ந்தால் பச்சையாகிவிடும். அடீனியத்தில் இரவோடு இரவாக இலை மொட்டையாகி, கீழே மிளகு மிளகாக எச்சம் கிடந்தால், அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் அதே கொழுத்த பச்சைப் புழுதான் காரணம்.

*மண்ணுக்குள்:* மேலே ஒன்றும் தெரியாது. மரம் மட்டும் சுணங்கும். தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளை மாவு படிந்திருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பினால், மண் எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மேல் மண் அரை அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு வந்தாலே இந்த ஈக்கள் குறைந்துவிடும்.

எறும்பு சொல்லும் சேதி

தொட்டி விளிம்பில் எறும்புச் சாரி போகிறதா? சும்மா விடாதீர்கள். மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் சாற்றைக் குடித்துவிட்டு இனிப்பான கழிவை விடும். இலை பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். அந்த இனிப்பின் மேல் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்து இலை அடுப்புக்கரி பூசினாற்போல ஆகும். அந்த இனிப்புக்காகவே எறும்பு இந்தப் பூச்சிகளை, நாம் பால்மாட்டைப் பார்த்துக்கொள்வது போலக் காவல் காக்கும். நல்ல பூச்சிகள் தின்ன வந்தால் விரட்டும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் ஒழிக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

வழி? இனிப்புச் சம்படத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்போமே, அதேதான்! தாம்பாளத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. பக்கத்துச் செடியின் கிளையோ சுவரோ தொடக்கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் எறும்புக்குப் பதில் கொசுவை வளர்த்தவர்கள் ஆவோம்!

எங்கள் வீட்டு ஆலமரம்

எங்களிடம் ஓர் ஆலமரம் இருக்கிறது. ஊரில் எங்கள் பழைய வீட்டுப் பின்சுவர் வெடிப்பில் முளைத்த கன்றை, வெட்டி எறிய மனசில்லாமல் என் மாமனார் 2003இல் பெயர்த்துத் தட்டில் வைத்தது. அந்த வீட்டை 2011இல் விற்றுவிட்டோம். மாமனாரும் இப்போது இல்லை. அந்த வீட்டின் ஞாபகமாக எங்களிடம் மிச்சம் இருப்பது இந்த மரம் ஒன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம். இருக்கிற இடுக்கெல்லாம் வெள்ளைப் பஞ்சு. தினம் பத்துப் பதினைந்து இலை உதிர்ந்தது. ஒரு கிளையைக் கொண்டுபோய் ஒரு நர்சரியில் காட்டினேன். அங்கிருந்தவர், "தூக்கிப் போட்டுடுங்கம்மா. இல்லேன்னா இதை அடிங்க, நாலு நாள்ல க்ளீன்" என்று பெரிய டப்பாவிலிருந்து ஒரு திரவத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி நீட்டினார். லேபிள் இல்லை, பேர் இல்லை. பெரிய டப்பாவின் மேல் சிவப்பு முக்கோணம் மட்டும் என் கண்ணில் பட்டது.

அப்போது என் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒன்பது மாதம். தவழ்ந்து போய் எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் வயது. அந்தப் பாட்டிலை நான் கையால் கூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "அப்பா வெச்ச மரம். போயிடுமா?" என்று கேட்டார். "போகாது. ஆனா அவசரப்படாதீங்க. ஆறு வாரம் ஆகும்" என்றேன். மகளுக்கோ, "ஒரு மரத்துக்காக இவ்வளவு பாடா அம்மா?" என்று சிரிப்பு.

முதல் நாள் தொட்டியைத் தனியாகப் பிரித்து, கம்பியை வெட்டி எடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியோடு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம்! மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறுபுறத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு வாரம் தவறாமல் வேப்பெண்ணெய். இரண்டாம் வாரம் மறுபடியும் குஞ்சுகள் கிளம்பின. மூன்றாம் வாரம் குறைந்தன. ஆறாம் வாரம் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. மொட்டையாகிப் போன கிளை நுனியில் இளஞ்சிவப்பாய் ஒரு குருத்து. என் கணவர் அதைக் கைபேசியில் படம் எடுத்து எல்லா உறவுக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டார்!

அன்று செய்ததையும், மற்றப் பூச்சிகளுக்குச் செய்வதையும் வரிசையாகத் தருகிறேன்.

கைவைத்தியம், படிப்படியாக

1. *தனிமை:* பூச்சி கண்ட மரத்தை மற்றவற்றிடமிருந்து நாலடி தள்ளி வையுங்கள். புதிதாக வாங்கி வரும் செடியையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அம்மை கண்ட குழந்தையைத் தனி அறையில் வைப்பதில்லையா? அதுபோல.

2. *கையால் எடுத்தல்:* புழுவைப் பொறுக்கிவிடுங்கள். மடங்கிய இலைகளைக் கிள்ளி, உடனே சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தரையில் போட்டால் பூச்சி மறுபடி ஏறிவிடும். அடீனியத்தின் பால் விஷமுள்ளது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

3. *தண்ணீர்:* அசுவினி, சிலந்திப்பேன், வெள்ளை ஈ மூன்றுக்கும் முதல் மருந்து இது. மண் கரையாதபடி தட்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி, மரத்தைச் சாய்த்து, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். காலை வேளை நல்லது. சிலந்திப்பேனுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று இரண்டு வாரமாவது செய்ய வேண்டும்.

4. *பஞ்சும் ஸ்பிரிட்டும்:* ஊசி போடுமுன் தோலில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் மருந்துக்கடையில் கிடைக்கும். பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து மாவுப்பூச்சியின் மேல் தொட்டால் மெழுகு கரைந்து பூச்சி நிறம் மாறிச் செத்துவிடும். செதில் பூச்சியை மிருதுவான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெள்ளத் தேய்த்தெடுத்து, பிறகு ஸ்பிரிட் தொடலாம். மரம் முழுவதும் கொட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு செய்யவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும்.

5. *வேப்பெண்ணெய்:* ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் சேராதல்லவா? அதனால் முதலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத மிதமான திரவ சோப்பைப் பத்துச் சொட்டு விட்டு, எண்ணெயைச் சேர்த்துப் பால் போல வெளுக்கும்வரை கலக்குங்கள். பிறகு மீதித் தண்ணீர். தெளிக்கும்போதும் அடிக்கடி குலுக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு மாலையில், இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

எண்ணெய் கிடைக்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 50 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

வேம்பு உடனே கொல்லும் விஷமல்ல. பூச்சியின் பசியைக் கெடுக்கும். தோலுரித்து வளர விடாமல் தடுக்கும். "நேற்று அடித்தேன், இன்றும் உயிரோடு இருக்கிறதே" என்று கைவிட்டுவிடாதீர்கள். முட்டைக்குள் இருப்பதை எதுவும் எளிதில் தொடாது. அது பொரித்து வரும்போது பிடிக்கத்தான் ஏழு நாளைக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை என்பது.

எதுவானாலும் முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். ஜேடு போன்ற சதைப்பற்றுள்ள இலைகளுக்கும் இளந்தளிருக்கும் ஸ்பிரிட்டும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தண்ணீர் காணாமல் வாடியிருக்கும் மரத்தில் எதையும் தெளிக்காதீர்கள்; முதலில் தண்ணீர் விட்டுத் தேற்றுங்கள்.

6. *மஞ்சள் அட்டை:* வெள்ளை ஈக்கும் மண்ணிலிருந்து கிளம்பும் கறுப்பு ஈக்கும் மஞ்சள் நிறம் என்றால் மோகம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டி அருகே நட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

7. *வேருக்கு:* வேர் மாவுப்பூச்சி என்றால் மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, பழைய மண் முழுவதையும் உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணை மற்றத் தொட்டிக்குப் போடாதீர்கள். தட்டை வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் நிழல்.

இவர்களை அடிக்காதீர்கள்

பப்பாளித் தோட்டங்களைக் காத்த குளவியைச் சொன்னேன் அல்லவா? அதே போல நம் மாடிக்கும் கூலியில்லாத வேலைக்காரர்கள் வருவார்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டு, அசுவினியைத் தின்னும். முதலைக்குட்டி போல முரட்டு உருவத்தில் இருக்கும் அதன் குட்டியும் அதே வேலைதான் செய்யும். இலையில் தலைமுடி போன்ற காம்பின் நுனியில் முட்டை முட்டையாய் நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது, துடைத்துவிடாதீர்கள்.

ஒரு வேடிக்கை. 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்கு ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். அதற்கு மாவுப்பூச்சி என்றால் உயிர். அதன் குட்டியோ அசல் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை வெளேரென்று இருக்கும்! எப்படிக் கண்டுபிடிப்பது? மாவுப்பூச்சி சோம்பேறி. இது பெரிதாக, நீள நீள வெள்ளைப் பிசிறுகளோடு விறுவிறுவென்று ஓடும். ஓடுகிறவனை விட்டுவிடுங்கள்.

வேப்பெண்ணெய் கூட இவர்கள் மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கடை மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

நம் நாட்டில் பூச்சிமருந்து டப்பா ஒவ்வொன்றிலும் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம். குறைந்த விஷம் என்றுதான் சொன்னேன், விஷமில்லை என்று சொல்லவில்லை! வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் வரவே வேண்டாம்.

பாட்டி, அம்மா காலத்துத் தோட்டக் குறிப்பு நோட்டுகளில் டி.டி.டி., பி.எச்.சி. பவுடர், எண்டோசல்பான் என்றெல்லாம் இருக்கும். டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989இல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997இல் தடையானது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. பரண் மேல் பழைய டப்பா கிடந்தால் அதைத் திறக்கவே வேண்டாம்.

மருந்தை ஒருபோதும் வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். தண்ணீர்ப் பாட்டில், குளிர்பானப் பாட்டில் கூடவே கூடாது. சமையலறை அளவுக் கரண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வேப்பெண்ணெய்க்குக் கூடத் தனிக் கரண்டி, தனிப் பாட்டில், மேலே பெயர் எழுதிப் பூட்டிய அலமாரியில். வேப்பெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டாலும் ஆபத்துதான். இயற்கையானது என்று அலட்சியம் வேண்டாம். கறிவேப்பிலை, துளசி, கீரைத் தொட்டிகள் பக்கத்தில் இருந்தால் கடை மருந்து அடிப்பதற்கு முன் அவற்றை நகர்த்திவிடுங்கள்.

தப்பித்தவறிக் குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் லேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

வருமுன் காக்க

பூச்சி வலுவான மரத்தைவிடச் சோர்ந்த மரத்தைத்தான் அதிகம் படுத்தும். குட்டி மரம் என்றாலும் அது மரம். கூடத்து ஷோகேஸில் வைக்கும் பொம்மை அல்ல. வெயிலும் காற்றும் வேண்டும். இரண்டு நாள் அலங்காரமாக உள்ளே வைத்தால் மறுபடி வெளியே கொண்டுபோங்கள். இலைகள் அடர்ந்து காற்றுப் புகாமல் இருந்தால் உட்கிளைகளைக் கொஞ்சம் கத்தரித்து விடுங்கள். கத்தரிக்கோலை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். உதிர்ந்த இலையைத் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள்.

சீக்கிரம் தேறட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவதும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தளிர் மிருதுவாக வரும்; அது அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பாயசம்! நோய்ப்பட்ட மரத்துக்குப் புதுத்தளிர் கண்ட பிறகு, மட்கிய தொழு உரத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அதுவரை கம்பி கட்டுவது, வேர் வெட்டுவது, வடிவம் திருத்துவது எல்லாவற்றுக்கும் விடுமுறை.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்பாடா, இத்தனை வேலையா?" என்று மலைக்காதீர்கள், சகோதரிகளே. வாரம் பத்து நிமிஷம் இலையைத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் வேலை வராது. முதல் மாவுப்பூச்சியைப் பார்த்த அன்றே ஒரு பஞ்சுக் குச்சியால் முடிந்துபோகும். பார்க்காமல் ஒரு மாதம் விட்டால்தான் ஆறு வாரப் பாடு. வரும் ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்த கையோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். உங்கள் குட்டி மரத்தின் ஒரு கிளையைத் தட்டிப் பாருங்களேன்!